ஐந்து குண்டில் முடிவு

பீங்கான் கம்பெனியில் எனக்குச் சந்தேகப்படுவதுதான் வேலை. சூளையிலிருந்து வரும் ஃபியூஸ் கட்டைகளைத் தூசி போகத் துடைத்து, விரலால் தட்டி, காதருகே வைத்துக் கேட்பேன். கணீரென்றால் பெட்டிக்கு, மொத்தென்றால் குப்பைக்கு. பதினெட்டு வருடமாக இதே பிழைப்பு. என் வீட்டுக்காரர் "டீ குடிச்சிட்டு வரேன்" என்று கிளம்பினால் அதையும் மனதுக்குள் ஒரு தட்டு தட்டிப் பார்க்காமல் விடமாட்டேன்.

எங்களிடம் ஒரு பாயிண்ட் டூ டூ ரைபிள் இருக்கிறது. ஸ்ரீமுஷ்ணம் போகும் வழியில் நிலக்கடலை போட்டிருக்கும் எங்கள் மல்லாட்டைக் கொல்லையின் பயிர்ப் பாதுகாப்புக்காக வாங்கிய லைசென்ஸ். இருவர் பெயரும் அதில் உண்டு. அவர் அதில் பெருச்சாளி சுடுவார். நான் ரைபிள் கிளப்பில் காகித இலக்கைச் சுடுவேன். மாநிலப் போட்டிக்குத் தேர்வாக வேண்டும் என்பது என் ஆசை. நாற்பத்தைந்து வயதில் எனக்கே எனக்கென்று இருந்த ஆசை அது ஒன்றுதான்.

அதற்குச் சரியான தோட்டா வேண்டும். பெருச்சாளிக்கு முனையில் குழி உள்ள வேகத் தோட்டா போதும், பட்டதும் கதை முடிந்துவிடும். காகிதத்துக்கு வேகம் வேண்டாம், ஒரே இடத்தில் போய் விழ வேண்டும். கடையில் நான்கு வகை வாங்கினோம்.

"அந்தப் பச்சப் பெட்டிய எடுத்துக்க. நம்ம ரைபிளுக்கு அதான் ஒத்து வருது" என்றார் அவர்.

நான்கில் மலிவானது அது. இவருக்கு ஏன் திடீரென்று இவ்வளவு அக்கறை என்று தோன்றியது.

அதற்குள் தேர்தல் வந்தது. வழக்கம்போல ரைபிளை போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கினோம். தேர்தல் முடிந்து அது திரும்பி வந்ததும், கொல்லை மண்மேட்டின் முன்னால் அட்டையை நிறுத்திச் சோதனையைத் தொடங்கினேன். ஒவ்வொரு வகைக்கும் ஐந்து குண்டு. அடுத்த வகைக்குப் போகும் முன் துணி வெள்ளையாக வெளியே வரும்வரை ரைபிள் குழாயைத் துடைத்தேன். கம்பெனியில் தூசியோடு தட்டினால் சத்தத்தை நம்ப முடியாது; அந்தப் பழக்கம்.

பச்சைப் பெட்டியின் ஐந்து குண்டும் ஐந்து திசையில் கிடந்தன. மற்றவையும் ஏறக்குறைய அப்படியே. ஸ்டேஷனில் யாரோ சுட்டுப் பார்த்து ரைபிளைக் கெடுத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். கடைக்காரர் பழைய சரக்கைத் தலையில் கட்டிவிட்டார் என்றும் நினைத்தேன்.

"பச்சயில இன்னும் பத்து சுட்டுப் பாரேன்" என்றார் வீட்டுக்காரர்.

அவர் மேலேயே சந்தேகம் திரும்பிவிட்டது. "எனக்குத் தெரியாம எடுத்துட்டுப் போயி பன்னிய கின்னிய சுட்டீங்களா?"

"வராக சாமி இருக்கற ஸ்ரீமுஷ்ணத்துக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டு நான் பன்னிய சுடுவனா?" என்றார். அதன்பிறகு அவர் தோட்டாவைப் பற்றிப் பேசவே இல்லை. பேசாததும் எனக்குச் சந்தேகமாகத்தான் பட்டது.

நான்கில் விலை கூடியதை எடுத்துக்கொண்டு தேர்வுக்குப் போனேன். நான்கு பாயிண்டில் வாய்ப்பு போய்விட்டது. பஸ்ஸில் வரும்போது முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன்.

அடுத்த வாரம் கிளப்பில், ரேஞ்சைப் பார்த்துக்கொள்ளும் பெரியவரிடம் புலம்பினேன். "எப்படிங்க டெஸ்ட் பண்ணீங்க?" என்று கேட்டார். சொன்னேன். அவர் சிரித்துவிட்டார்.

"தோட்டா மேல மெழுகு இருக்குதுல்ல, அது குழாயில படியணுங்க. அதுக்குப் பத்து குண்டாவது போவணும். நீங்க சுத்தமா வழிச்சு எடுத்துட்டு அஞ்சுலயே முடிவு பண்ணிட்டீங்க."

பையில் மீதியிருந்த பச்சைப் பெட்டியை எடுத்தேன். துடைக்காமல் சுட்டேன். முதல் சில குண்டுகள் வழக்கம்போல ஊர் சுற்றின. பத்துக்கு மேல் ஓட்டைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு விழுந்தன. பெட்டி காலியாகும்வரை சுட்டேன். சந்தோஷத்தைவிட வயிற்றெரிச்சல்தான் அதிகமாக இருந்தது.

வீட்டில் அவர் விதைக்கு மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார். ஓட்டை விழுந்த காகிதத்தை முறத்தில் போட்டேன்.

"பச்சப் பெட்டிதான்" என்றேன்.

எடுத்துப் பார்த்தார். "தெரியும். தொடச்ச அன்னிக்கு மொதல்ல போறதெல்லாம் பெருச்சாளி மேல படாது."

"தெரிஞ்சா அன்னிக்கே சொல்றதுக்கென்ன?"

"இன்னும் பத்து சுட்டுப் பாருன்னு சொன்னேன். பன்னிய சுட்டீங்களான்னு கேட்ட."

காகிதத்தை மடித்து என்னிடமே கொடுத்துவிட்டு, மறுபடி உரிக்க ஆரம்பித்தார்.