தீபாவளி நேரலையில் ஒப்பாரி

1. சிவப்புப் பொத்தான்

குனோங் ராபாட்டில் ஒரு கடைவீட்டு மாடியில் இயங்கும் எங்கள் சமூக இணையத் தொலைக்காட்சியில் நான் சேர்ந்த முதல் நாள், தயாரிப்பாளர் செல்வா அண்ணன் ஒரு சிவப்புப் பொத்தானைக் காட்டினார். நேரலை முப்பது வினாடி தாமதமாகத்தான் வெளியே போகும். அதற்குள் யாராவது ஏடாகூடமாகப் பேசினால் அதை அழுத்த வேண்டும். திரையில் ‘தொழில்நுட்பக் கோளாறு’ என்ற அட்டை வந்துவிடும்.

“யோசிக்காத லா. சந்தேகம்னா அழுத்திடு,” என்றார், எங்கள் ஊர்ப் பேச்சின் ‘லா’வோடு.

எனக்கு யோசிக்காமல் இருக்க வராது. கதவைப் பூட்டிவிட்டு இரண்டு முறை இழுத்துப் பார்க்கிறவள் நான். மூன்று ஆண்டுகளில் பலமுறை அழுத்தியிருக்கிறேன். ஒருமுறை வெறும் தும்மலுக்குக்கூட.

2. தீபாவளி காலை

அன்று எங்கள் சிறப்பு நிகழ்ச்சியில் பாட வந்த கலா, கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்பவள். கைப்பேசியிலேயே தாளம் அமைத்து, சொந்தமாகப் பாட்டுக் கட்டுவாள். ஒத்திகையில் மத்தாப்புப் பாட்டுப் பாடியவள், நேரலையில் ஒப்பாரியைத் தொடங்கிவிட்டாள். கோலா கங்சார் பக்கம் அவள் பிறந்த எஸ்டேட்டின் இடுகாட்டை, வீடு கட்டுவதற்காகச் சமன் செய்திருந்தார்கள். அவளுடைய அம்மாவை அங்கேதான் புதைத்திருந்தார்கள்.

“ஆத்தா, ஒன் தலமாட்டுல ரோடு போட்டுட்டான்,
படுத்தவளக் கேக்காமலே லாரி விட்டுட்டான்…”

“நல்ல நாளும் அதுவுமா எழவுப் பாட்டா? அழுத்து லா!” என்று செல்வா அண்ணன் கத்தினார்.

விரல் பொத்தான்மேல்தான் இருந்தது. தஞ்சோங் ரம்புத்தானில் என் மாமியார், என் எட்டு மாத மகளை மடியில் வைத்துக்கொண்டு இதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். சாவு விழாத வீட்டில் ஒப்பாரி ஒலிக்கக் கூடாது. பெற்றவளே அதை அனுப்பிவைப்பதா?

கலா பாட்டை நிறுத்திக் கேமராவைப் பார்த்தாள். “மத்த நாள்ல பாடுனா யாரு பாப்பா? இன்னிக்கித்தான் எல்லாரும் வீட்ல இருக்கீங்க. கோவிச்சுக்கிட்டே கேளுங்க.”

நான் பொத்தானை உள்ளங்கையால் மூடிக்கொண்டேன். செல்வா அண்ணன் மேசையைச் சுற்றி ஓடிவந்தார்.

“தங்கச்சி, தள்ளு!”

“தள்ள மாட்டேன் அண்ணே. அவ அம்மாவுக்கு அவ பாடட்டும்.”

3. விளக்கக் கடிதம்

பாட்டு முடிந்ததும் மாமியார் அழைத்தார். “பச்சப்புள்ள இருக்கற வீட்ல என்னம்மா இது?”

“மன்னிச்சிடுங்க அத்தே. டிவிய அணைச்சிட்டீங்களா?”

“எப்படி அணைக்கறது? செத்தவளுக்குப் பாடறதப் பாதியில நிறுத்துவாங்களா? முடிஞ்சப்பறம்தான் புள்ளைக்குத் திருநீறு வெச்சேன்.”

மறுநாள் மகளுக்குச் சளி பிடித்தது. மழையால்தான் என்று தெரியும். இருந்தாலும் இரவெல்லாம் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆனால் அந்தப் பொத்தானை அழுத்தியிருக்கலாமே என்று ஒரு தடவைகூட நினைக்கவில்லை.

இனி அந்தப் பொத்தானுக்கு முன்னால் உட்காரப்போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். பயம் போகட்டும் என்று காத்திருக்காதீர்கள். எனக்கு இன்னும் போகவில்லை. பயந்துகொண்டேயும் மறுக்கலாம்.

அட்டையை ஏன் போடவில்லை என்று செல்வா அண்ணன் எழுத்தில் விளக்கம் கேட்டார். ஒரே வரி எழுதினேன்: “அன்று தொழில்நுட்பக் கோளாறு எதுவும் இல்லை.”

வழக்கம்போல் இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்திட்டேன்.