ஒரே குழியில் இரண்டு லைன்

தேர்வாய் கண்டிகைத் தொழிற்சாலையில் இன்டர்நெட் என் பொறுப்பு. இரண்டு கம்பெனி லைன்களைச் சேர்த்துக் கட்டியிருந்தேன். வேகமும் கூடும், ஒன்று அறுந்தால் மற்றது தாங்கும். இன்னொரு குழி வெட்ட அலுத்துக்கொண்டு, இரண்டையும் ஒரே குழியில் புதைக்கச் சொன்னதும் நான்தான்.

கால்வாய் தோண்ட வந்த ஜேசிபி இரண்டையும் ஒன்றாக வாரிப் போட்டது. சரக்கு வெளியே போக ஆன்லைனில் எடுக்கவேண்டிய இ-வே பில் எடுக்க வழியில்லாமல் லாரிகள் கேட்டில் வரிசை கட்டி நின்றன.

"இன்னா சார், ஒண்ணு பூட்டா இன்னொண்ணு கீதுன்னீங்க?" செக்யூரிட்டி சிரித்தார்.

முதல் லாரி டிரைவரின் மகள் பிரசவத்துக்காக ஆஸ்பத்திரியில் இருந்தாள். லோடைத் துறைமுகத்தில் இறக்கிவிட்டுத்தான் அவர் போகமுடியும். தன் போனை நீட்டினார். அங்கே மொபைல் சிக்னல் வரும், போகும்; ஒரு போன் போதாது. அதையும் என் போனையும் ரூட்டரில் சேர்த்தேன். ஒன்று சோர்ந்தபோது மற்றது இழுத்தது. பில் வந்தது.

போனைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் வாங்கவில்லை. "பின்னாடி கீறவங்களும் போவணும்ல நைனா. ஊட்லேர்ந்து பேசுனா, கெளம்பிட்டேன்னு சொல்லு."

கடைசி லாரிக்குப் பில் எடுத்து முடித்தபோது அந்தப் போன் அடித்தது.

"ஆம்பளப் புள்ள பொறந்துகீது! எங்க கீற?" என்றது ஒரு பெண் குரல்.

அவரிடம் வேறு போன் இல்லையென்பது அப்போதுதான் உறைத்தது. அதே துறைமுகத்துக்குப் போகும் கடைசி லாரிக்காரரிடம் போனையும் சேதியையும் கொடுத்தனுப்பினேன்.

பிறகு இரண்டாவது குழியை வெட்டிவிட்டோம். ஆனாலும் தன்னிடமிருந்த ஒற்றை லைனையும் முன்பின் தெரியாதவர்களுக்கு விட்டுப்போன அந்த டிரைவரின் மனசு, எத்தனை களைப்பிலும் என்னைத் தூங்கவிடுவதில்லை.