போதகரம்மாவின் தட்டு

ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில், தட்டை மூடியிருக்கும் வாழையிலையை லோசிவாலே உடனே எடுத்துவிடுவதில்லை. ஒரு மூலையை மட்டும் இரண்டு விரலால் விலக்குவாள்; மெச்சுவதுபோல் குனிந்து தலையை ஆட்டுவாள். அந்தக் குனிவுக்குள் ஆவி அவள் மூக்குக்கு வந்து சேர்ந்துவிடும். டின் மாட்டுக்கறியா, வாளியில் ஊறிய உப்புக்கறியா, சோயா ஊற்றிப் புரட்டிய சேமியாவா என்று தெரிந்துவிடும். எது என்று தெரிந்தால், பொழுது சாய்வதற்குள் தன் இடது கண்ணுக்குப் பின்னால் என்ன நடக்கும் என்பதும் தெரிந்துவிடும்.

அதன்பின் சாப்பிடாமல் சாப்பிடும் வேலை. கறியைச் சேப்பங்கிழங்குக்கு அடியில் தள்ளுவாள். தேங்காய்ப்பாலில் வெந்த சேப்பிலையைப் பிரித்து அதன்மேல் பரத்துவாள். முள்கரண்டி தட்டுக்கும் வாய்க்கும் நடுவே ஓயாமல் போய்வரும், பெரும்பாலும் வெறுமையாக. எதிரில் இருப்பவரிடம் எதையாவது கேட்டு, கரண்டியை அந்தரத்தில் நிறுத்தி, பதில் முடிந்ததும் மறந்தவள்போல் கீழே வைத்துவிடுவாள். இவ்வளவுக்கும் மீறிச் சில வாய் உள்ளே போகத்தான் செய்யும். முன்னால் பாயில் கால்மடித்து உட்கார்ந்து ஈ விசிறுகிறவர்கள்தான் அதைச் சமைத்தவர்கள். சாமோவாவில் போதகரும் அவர் மனைவியும் உண்டு எழுந்த பிறகுதான் சமைத்த வீட்டார் கைவைப்பார்கள். அதுவரை விசிறுவதும் பார்ப்பதும்தான் அவர்களுக்கு வேலை. மிஞ்சியது எது, எவ்வளவு என்று தட்டை எடுக்கிற கைக்குத் தெரியும். மாலைக்குள் ஊருக்கும் தெரியும்.

அவள் ஐம்பதை நெருங்குகிறாள். தலைவலிக்கு அவள் கல்யாணத்தின் வயது. சவாயித் தீவின் இந்தக் கரையோர ஊருக்குப் போதகர் இயெரெமியாவின் மனைவியாக வந்து இறங்கிய வருஷம் அது தொடங்கியது. முதலில் ஒரு பக்கக் காது குளிரும். பிறகு வெளிச்சம் சுடும். பிறகு யாரோ புருவத்தின் உள்பக்கம் உட்கார்ந்து தேங்காய் துருவத் தொடங்குவார்கள். அந்த நேரத்திலும் அவள் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குத் தாவீதின் கதையைச் சொல்லி முடித்திருக்கிறாள்; முடித்துவிட்டுக் கோயிலுக்குப் பின்னால் போய் வாந்தியெடுத்திருக்கிறாள்.

இத்தனை வருஷத்தில் தனக்கென்று சில தந்திரங்களைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறாள். அவளுடைய வெள்ளைத் தொப்பி தலைக்கு ஒரு அளவு பெரியது. நெற்றியை இறுக்காமலிருக்க உள்ளே பழைய தலையணை உறையைச் சுருட்டி வைத்துத் தைத்திருக்கிறாள். பாடகர் குழுவுக்கு அவள் எடுத்துக்கொடுக்கும் பாட்டெல்லாம் தாழ்ந்த சுருதியில் இருக்கும். போதகரம்மாவுக்குச் சோகப் பாட்டுதான் பிடிக்கும் என்று குழுவில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கோக்கோவைக் கிண்ணத்தில் வாங்கி, உதட்டை நனைத்து, பக்கத்தில் இருக்கும் குழந்தைக்குக் கொடுத்துவிடுவாள். குழந்தைகளிடம் அவளுக்கு அவ்வளவு அன்பு என்று அதற்கும் ஒரு பெயர்.

போன வருஷம் மாவட்ட ஆஸ்பத்திரிக்கு ஒரு புது டாக்டர் வந்தார். தலைநகர் ஆப்பியாவில் பிறந்தவர். அவள் சொன்னதையெல்லாம் கேட்டு முடித்துவிட்டு ஒரேயொரு கேள்வி கேட்டார்: "எந்தக் கிழமை அதிகமா வருதும்மா?"

"ஞாயித்துக்கிழமை."

"விடிஞ்சதும் என்ன சாப்பிடுவீங்க?"

"ரெண்டாவது ஆராதனை முடியிற வரைக்கும் ஒண்ணும் சாப்பிட மாட்டோம். அப்புறம்தான் சாப்பாடு."

"அதுல டின் கறி, உப்புக்கறி, கோக்கோ. சரியா?" அவர் சிரித்தார். "எங்கம்மாவும் டீக்கன் பொண்டாட்டிதான். மாத்திரை தர்றேன், ஆனா அத நம்பாதீங்க. வாழக்காய வேகவைங்க. மீன் சாப்பிடுங்க. நேரத்துக்குச் சாப்பிடுங்க, தண்ணி குடிங்க, தூங்குங்க. அந்தக் கொண்டைய இவ்வளவு இறுக்காதீங்க. முடிஞ்சா சாயங்காலம் அவுத்து விடுங்க."

முடிஞ்சா என்று அவர் சொன்னதை அவள் அப்போது கவனிக்கவில்லை.

அடுத்த மாதமே அதற்கு வாய்ப்பு வந்தது. சபைகளின் கூட்டத்துக்காக இயெரெமியா உப்போலுத் தீவுக்குப் போய், அங்கேயே ஒரு மாதம் தங்கும்படி ஆயிற்று. போதகர் இல்லாத வீட்டுக்குப் பெரிய சாப்பாடு வராது. லோசிவாலே விடிந்ததும் பப்பாளி சாப்பிட்டாள். உச்சிக்கு வாழைக்காயும் பாறை மீனும் அவித்தாள். இருட்டியதும் கதவைச் சாத்திக் கொண்டையிலிருந்து சீப்பை உருவி, கூந்தலைத் தோளில் சரியவிட்டுக் கொசுவலைக்குள் படுத்தாள். முதல் வாரம் வலி வழக்கம்போல் வந்து பார்த்தது. இரண்டாவது வாரம் வாசல்வரை வந்து திரும்பியது. அதற்குப் பிறகு வரவில்லை. ஒரு காலையில் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, வெயில் வெறும் வெயிலாக மட்டும் இருக்கிறது என்று உணர்ந்தாள். இருபத்தைந்து வருஷ நோய்க்கு மருந்து ஒரு சீப்பு வாழைக்காய். அது தெரியாமலே இருந்திருக்கலாம் என்று இப்போது சில நாள் அவளுக்குத் தோன்றுவதுண்டு.

இயெரெமியா திரும்பிவந்தார். தட்டுகளும் திரும்பிவந்தன.

மாதர் சங்கத் தலைவி சினிவாவிடம் அவள் மனம்விட்டுப் பேசினாள். பெரிய உடம்பும் அதைவிடப் பெரிய குரலும் கொண்டவள் சினிவா, கெட்டவள் இல்லை.

"டின் கறியா தலவலி குடுக்குது?" சினிவா விசிறியை மடியில் போட்டாள். "எங்க வீட்டுல பிறந்ததிலிருந்து அதத்தான் திங்கிறோம். எங்க தலையெல்லாம் தேங்காயாட்டம் கெட்டியா இருக்கே போதகரம்மா."

"எனக்கு ஒத்துக்கல சினிவா. வாழக்காயும் மீனும் போதும். நெசமாத்தான் சொல்றேன்."

"நான் ஒண்ணு கேக்கலாமா? கோவிச்சுக்கக் கூடாது. ஐயா ஊர்ல இல்லாதப்ப, பொழுதடைஞ்சப்புறம் கூந்தல அவுத்துப் போட்டிருந்தீங்களாமே. சன்னல் வழியா பாத்திருக்காங்க. அவுத்த கூந்தலுக்கு எது எது வரும்னு உங்களுக்குத் தெரியாததா? அதான் தலையில உக்காந்திருக்கு. தடவிவிடுற கிழவியக் கூட்டிட்டு வர்றேன்."

"அவுத்துப் போட்டப்பதான் வலி இல்ல."

சினிவா அவளை இரக்கத்தோடு பார்த்தாள். "உள்ள வந்து உக்கார்ற வரைக்கும் அது ஆள நல்லாத்தான் வச்சிருக்கும்."

கிழவி வந்து எண்ணெய் தடவிவிட்டுப் போனாள். ஆனால் வாழைக்காய்ப் பேச்சு எப்படியோ மகெரிதாவின் காதுக்குப் போய்விட்டது. மகெரிதா கோயிலுக்குப் பக்கத்து வீட்டு விதவை, அதிகம் பேசாதவள். ஊரில் லோசிவாலேயின் பேச்சை அப்படியே எடுத்துக்கொண்டது அவள் ஒருத்திதான். போதகருக்குச் சமைக்கும் முறை தன் வீட்டுக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை, மகெரிதா வேகவைத்த வாழைக்காயும், விடியலில் பாறையில் பிடித்த மீனும், பப்பாளியும் கொண்டுவந்தாள். எல்லாம் புதுத் தென்னோலைக் கூடையில், அவ்வளவு சுத்தமாக.

போதகர் வீட்டுக்கு வருவதைச் சும்மா உள்ளே கொண்டுபோய் வைக்க முடியாது. முற்றத்தில் ஒருவர் நின்று, எந்த வீடு என்ன கொண்டுவந்தது என்று ஊர் கேட்கக் கூவ வேண்டும். அன்றைக்குக் கூவ எழுந்தவர் கூடைக்குள் பார்த்தார். அடியில் வேறு ஏதாவது இருக்கிறதா என்று இலையை விலக்கியும் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமி, வழக்கத்தில் பாதிக் குரலில் சொன்னார்: "மகெரிதா வீட்டின் அன்பு. வாழைக்காய். மீன்."

கறிப்பலா மர நிழலிலிருந்து ஒருவன் கேட்டான்: "ஏன் மகெரிதா, காசு கேட்டா ஆக்லாந்துல மகன் போன் எடுக்கலியா?"

"எடுத்திருப்பான். வாழக்காய் அனுப்புறேன்னிருப்பான்" என்றது இன்னொரு குரல்.

சிரிப்பு மெல்ல எழுந்து அடங்கியது. மகெரிதா கூடையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான்தான் கேட்டேன் என்று ஒரு வார்த்தை லோசிவாலேயின் வாய்வரை வந்தது. கூவும்போது போதகர் வீட்டார் வாய் திறப்பதில்லை. கேட்டு வாங்கினார்கள் என்று ஆகிவிடும். அவள் திறக்கவில்லை. அன்று அவள் தட்டில் ஒரு துணுக்கு மிஞ்சவில்லை. அதையும் எல்லோரும் பார்த்தார்கள்.

மறுநாளே சினிவாவிடம் போய் உள்ளதைச் சொன்னாள். டாக்டர் சொன்னது, தான் கேட்டது, மகெரிதா தனக்காகச் செய்தது எல்லாவற்றையும். சினிவாவின் கண் கலங்கிவிட்டது. அந்த வாரச் சங்கக் கூட்டத்தில் எழுந்து சொன்னாள்: "நம்ம போதகரம்மாவுக்கு எப்பேர்ப்பட்ட மனசு பாருங்கடி. மகெரிதா மானத்தக் காப்பாத்த, நானாத்தான் கேட்டேன், எனக்கு வாழக்காய்தான் புடிக்கும்னு சொல்றாங்க. அவுங்களப் போய் அப்படி உக்கார வச்சுட்டோமே." பெண்கள் மூக்கைச் சிந்திக்கொண்டார்கள். மகெரிதாவும் அங்கேதான் இருந்தாள். தான் கேள்விப்பட்டதுதான் தப்புப்போலிருக்கிறது என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

உண்மையை நல்ல குணம் என்று எடுத்துக்கொண்டுவிட்டால் பிறகு அதை எப்படிச் சொல்வது என்று லோசிவாலேக்குத் தெரியவில்லை. கணவரிடம் கேட்டாள்.

"நீங்க ஒரு வார்த்த பிரசங்கத்துல சொன்னா என்னங்க?"

இயெரெமியா பற்குச்சியை எடுத்துவிட்டு அவளைப் பார்த்தார். "என்னன்னு? எங்க வீட்டம்மாவுக்கு உங்க சாப்பாடு ஒத்துக்கலன்னா? முன்னால இருந்த போதகர் தட்ட வேண்டாம்னதாலதான் போனார், தெரியுமில்ல?"

"தெரியும்."

"சம்பளம்னு ஒண்ணு இல்ல லோசி நமக்கு. இந்தத் தட்டுதான். அது திரும்பிப் போனா பின்னாடியே நாமளும் போகணும்." பிறகு குரலை இறக்கிச் சொன்னார்: "மாத்திரை இருக்கில்ல?"

மாத்திரை இருக்கிறது. இப்போது அதுவும் பாதி நேரம் கேட்பதில்லை. மறுபடி கொண்டை இறுகிவிட்டது. சன்னலுக்கு அவளே திரை தைத்துப் போட்டிருக்கிறாள். ஆனாலும் இருட்டியபின் சீப்பை உருவுவதில்லை.

மகெரிதா வீட்டு முறை மறுபடி இந்த மாதம் வந்தது. சனிக்கிழமையே கோயிலுக்குப் பின்புறம் ஏதோ குறைந்தது. மகெரிதாவின் தாய்ப்பன்றிக்கு லோசிவாலே தினமும் வேலிக்கு மேலாகப் பப்பாளித் தோல் போடுவாள். அன்றைக்குப் போட்ட தோல் போட்ட இடத்திலேயே கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நீண்டது. வெறும் வயிற்றில் வெயிலேற, பாட்டின் நடுவிலேயே அவளுக்கு இடது காது குளிர்ந்துவிட்டது. முற்றத்தில் கூவுகிறவருக்கு இந்தமுறை முழுக்குரல் வந்தது. "மகெரிதா வீட்டின் பேரன்பு" என்று தொடங்கி, சுட்ட கற்களால் மூடும் உமு அடுப்பில் முழுதாக வெந்த பன்றியையும், உப்புக்கறி வாளியையும், டின் கறிப் பெட்டியையும் ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லி நிறுத்தினார். மர நிழலில் யாரும் எதுவும் பேசவில்லை. மகெரிதா விசிறியை வேறு யாருக்கும் கொடுக்காமல் தானே எடுத்துக்கொண்டு லோசிவாலேக்கு நேர் எதிரில் வந்து உட்கார்ந்தாள். பழைய உடையைத்தான் கஞ்சிபோட்டு உடுத்தியிருந்தாள். முகம் தட்டைவிட்டு நகரவில்லை.

லோசிவாலே வாழையிலையின் மூலையை விலக்கிப் பார்க்கவில்லை. முழு இலையையும் எடுத்து ஓரமாக வைத்தாள். உப்புக்கறியின் ஆவி முகத்தில் அடித்தது. கறியைக் கிழங்குக்கடியில் தள்ளவில்லை. யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. கரண்டி ஒவ்வொரு முறையும் நிறைந்து போய் வெறுமையாகத் திரும்பியது. மகெரிதாவின் விசிறி கொஞ்சம் கொஞ்சமாக வேகம் குறைந்து ஒரு நிதானத்துக்கு வந்தது.

"உப்பு சரியா இருக்கா போதகரம்மா?"

"அளவா இருக்கு மகெரிதா."

இடது கண்ணின் ஓரத்தில் நீர் கசியத் தொடங்கியிருந்தது. வெளியே சுண்ணாம்படித்த கோயில் சுவர் உச்சி வெயிலில் வெள்ளையாக எரிந்தது. லோசிவாலே அதற்கு முதுகு காட்டித் திரும்பி உட்கார்ந்தாள். கடைசித் துண்டை விழுங்கினாள். காலித் தட்டை இரண்டு கையாலும் ஏந்தி, மறுபடி பரிமாறச் சொல்லி மகெரிதாவிடம் நீட்டினாள்.