ஈரத்துக்குக் கழித்த எடை

எங்கள் வீட்டுத் தராசின் முள் நூறு கிலோவோடு நின்றுவிடும். நான் அதையும் தாண்டியவள். அதனால் வயிற்றைச் சுருக்கித் தைத்த ஆபரேஷனுக்குப் பிறகு, ஞாயிறுதோறும் கணவரின் மோட்டார் சைக்கிளில் ஈப்போவிலிருந்து செமோர் பக்கத்து ரப்பர் தோட்டத்துக்குப் போவேன். நான் பிறந்த தோட்டம். அங்கே அண்ணன் கணக்கெழுதும் கிராணி வேலையில் இருந்தார். ரப்பர் பால் உறைந்த கட்டிப்பால் மூட்டைகளை நிறுக்கும் இரும்புத் தராசில்தான் என்னையும் நிறுப்பார். இதைவிட அசிங்கம் வேண்டுமா?

எண்பதுகளின் நடுவில் எங்கள் ஆட்களில் யாரும் அப்படியோர் ஆபரேஷனைக் கேள்விப்பட்டதில்லை. நூற்றுக்குக் கீழே இறங்கினால்தான் பிள்ளையைப் பற்றி யோசிக்கலாம் என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார். நூற்று முப்பத்தொன்றில் ஆரம்பித்தேன். வயது முப்பத்தேழு. கணவர் வாய்விட்டு எதுவும் கேட்க மாட்டார். ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் என் எடையைக் காலண்டரில் எழுதுவார்; எழுதும்போது உதட்டோரம் ஒரு சிரிப்பு வரும். அந்தச் சிரிப்புக்காகவே நான்கு கரண்டிக் கஞ்சியோடு எழுந்துவிடுவேன். ஐந்தாவது கரண்டி போனால் வாந்திதான். தின்று கெட்டவள் என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள். தின்னாமலும் கெட்டுக்கொண்டிருந்தேன்.

தோட்டத்தில் கிராணி எடையை உரக்கக் கூவ வேண்டும். மெதுவாகச் சொன்னால், பாலெடுக்க மரத்தைக் கீறி வெட்டுகிறவர்கள் ஏமாற்று என்று சண்டைக்கு வந்துவிடுவார்கள். அந்தப் பழக்கத்தில் அண்ணன் என் எடையையும் கூவுவார். வெளியே வண்டியருகே நிற்கும் கணவருக்குக் கேட்கும். நான் கண்ணை இறுக மூடிக்கொள்வேன்.

ஐந்தாவது மாதம் ஒரு ஞாயிறு, "நூத்திப் பதினாலு!" என்று அண்ணன் கூவியதும் சந்தோஷத்தில் கண்ணைத் திறந்துவிட்டேன். தராசுத் தண்டு ஆடாமல் நின்றது. அதன்மேல் நகரும் குண்டு நூற்றிருபத்தாறில் இருந்தது. தோட்டத்தில் பிறந்தவளுக்குத் தராசு பார்க்கத் தெரியாதா?

"அண்ணே, என்னாண்ணே இது?"

அவர் குரல் இறங்கிவிட்டது. "கட்டிப்பாலுக்கு ஈரம் கழிப்போம்லா, அந்த மாதிரிதான். மொத வாட்டி சேலைக்குன்னு ரெண்டு கிலோ கழிச்சேன். நீ சிரிச்ச. அப்பறம் நிறுத்த முடியலம்மா."

ஈரம் ஈரம் என்று கிராணிமார் எடையில் கழித்ததற்கு, மரம் வெட்டிய எங்கள் அம்மா எத்தனை நாள் மண்ணை வாரித் தூற்றியிருக்கிறாள்! அதே கழிவை அண்ணன் எனக்குப் பாசமாகக் கொடுத்திருக்கிறார். அவர்மேல் கோபம்கூட வரவில்லை. ஐந்து மாதப் பட்டினிக்கு ஐந்தே கிலோ. இனி எனக்குப் பிள்ளை இல்லை என்பது அந்தத் தராசின் மேல் நின்றபோதே தெரிந்துவிட்டது.

"எவ்ளோ மச்சான்? சரியா கேக்கலலா!" வெளியிலிருந்து கணவர் குரல் கொடுத்தார்.

அண்ணன் என்னைப் பார்த்தார்.

"நூத்திப் பதினாலுங்க!" என்று நானே கூவினேன்.

வீட்டுக்கு வந்ததும் கணவர் காலண்டரில் அதை எழுதினார். எழுதும்போது சிரித்தார்.