சுடலைவடிவின் நாலாவது கல்யாணம்

ஐம்பத்தாறு வயதுக்குள் சுடலைவடிவுக்கு மூன்று முறை கல்யாணம் ஆகியிருக்கிறது. மூன்று முறையும் மாப்பிள்ளை தேவேந்திரன்தான். முதல் கல்யாணத்துக்குப் பந்தல் போட்டு, மேளம் வைத்து, முக்கூடலில் பாதி ஊர் வந்து சாப்பிட்டுப் போனது. மற்ற இரண்டும் பீடிக் கடை மேஜையில், வருங்கால வைப்பு நிதி விண்ணப்பத்தில், வேலையை விட்டு விலகும் காரணத்தை எழுதும் இடத்தில் நடந்தன. அவற்றில் மாப்பிள்ளைக்குத் தாலி கட்டும் சிரமம்கூட இல்லை. பணம் வந்த அன்று வாங்கி எண்ணிக்கொண்டால் போதும்.

இது எப்படி நடக்கும் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். பீடி சுற்றும் பெண்ணுக்குக் கம்பெனி ஒரு பாஸ் புத்தகம் தருகிறது. கூலியில் ஒரு பங்கைப் பிடித்து, தன் பங்கையும் சேர்த்து, பி.எப். கணக்கில் போடுகிறது. வேலையை விட்டவர் அந்தப் பணத்தை எடுக்க இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். கல்யாணத்துக்காக வேலையை விடும் பெண்ணுக்கு மட்டும் காத்திருப்பு கிடையாது. விதியை எழுதியவர்கள் நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருப்பார்கள். கம்பெனிக்காக இலை கொடுத்துப் பீடி வாங்கும் ஏஜெண்டுகள் அதைப் படித்த விதம் வேறு. வீட்டில் ஆண்களுக்கு ஓர் அவசரம் என்றால் பெண்ணுக்குக் கல்யாணம். பேரன் எடுத்தவளுக்கும் கல்யாணம். பணம் வந்த கொஞ்ச நாளில் அதே கடை, அதே ஏஜெண்ட், புது எண், முதலிலிருந்து கணக்கு.

அந்த 'முதலிலிருந்து' என்பதில்தான் எல்லாம் போகிறது. கணக்கை உடைக்காமல் பத்து வருடம் ஓட்டிவிட்டால் ஐம்பத்தெட்டு வயதில் பென்ஷன் உண்டு, குறைந்தது மாதம் ஆயிரம் ரூபாய். உடைத்தால், சுற்றிய வருடங்கள் சுற்றாத வருடங்கள்தான்.

சுடலைவடிவு ஒவ்வொரு முறையும் பத்தை எட்டும் முன்பே உடைத்தாள். முதல் பணம் நிஜக் கல்யாணத்தின்போது மாப்பிள்ளைக்குக் கைக்கடிகாரமாகவும் பந்தலாகவும் போயிற்று. பிள்ளை பள்ளிக்கூடம் போன பிறகு தொடங்கிய இரண்டாவது கணக்கு 2004இல். தேவேந்திரனின் தங்கை மகள் பெரியவளானாள். தாய்மாமன் சீர் செய்யாவிட்டால் சுற்றத்தில் தலை நிமிர முடியாது என்றார் தேவேந்திரன். நிமிர்ந்த தலை அவருடையது, பணம் சுடலைவடிவுடையது. தட்டுகளைச் சுமந்து தெரு வழியே போனவர்களில் அவளும் ஒருத்தி. மூன்றாவது 2014இல், மகன் நடராஜின் இன்ஜினியரிங் கடைசி வருடக் கட்டணத்துக்கு.

தேவேந்திரன் தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். நெல்லைக்கும் முக்கூடலுக்கும் இடையே முப்பது வருடம் விசில் ஊதினார். பி.எப். கிடையாது, சேமிப்பு கிடையாது. ஓய்வுக்கு என்ன வைத்திருக்கிறீர் என்று யாராவது கேட்டால், "நமக்குப் பையன் இருக்காம்லா வே" என்பார். பங்குச் சந்தை ஏறும் இறங்கும் என்று பயப்படுகிறவர்கள் ஒரே மகனின் மேல் மொத்த முதுமையையும் போட்டுவிட்டு டீக்கடையில் நிம்மதியாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் சிரிப்புத்தான் வரும்.

அந்தப் பையன் இன்ஜினியராகவில்லை. திருநெல்வேலியில், வண்ணார்பேட்டையில், ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் மாடி அலுவலகத்தில் கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு மற்றவர்களின் ஓய்வுக்காலத்துக்குத் திட்டம் போட்டுக் கொடுத்தான். தன் வாடகைக்கு மாதக் கடைசியில் அம்மாவுக்குப் போன் செய்தான்.

கோமு என்றொருத்தி அவர்கள் தெருவில் இருந்தாள். அவளும் பீடிக்காரிதான். கணக்கை ஒருமுறைகூட உடைக்காதவள். கெட்டிக்காரத்தனம் ஒன்றுமில்லை, புருஷன் சீக்கிரம் செத்துப்போனான், கேட்க ஆளில்லை. இப்போது மாதம் பிறந்ததும் பாங்கில் போய் ஆயிரத்தையும் எடுப்பாள். பஸ் ஸ்டாண்ட் கடையில் உட்கார்ந்து இரண்டு வடையும் டீயும் சாப்பிடுவாள். பிறகு மாத்திரை, வெற்றிலை, பேத்திக்கு ஒரு பண்டம்.

"ஆயிரம் என்ன மயித்துக்குக் காணும்?" என்று சுடலைவடிவு ஒருமுறை கேட்டாள்.

"காணாதுதான். ஆனா ஏம்ட்டி எடுத்த, எங்கட்டி வச்சன்னு ஒருத்தன் கேக்க முடியாது பாத்துக்கோ" என்றாள் கோமு, வடை எண்ணெயைச் சேலையில் துடைத்தபடி.

அன்றிலிருந்து சுடலைவடிவுக்கு அந்த ஆயிரம் வேண்டும். அதற்காகவே நான்காவது கணக்கைக் காப்பாற்றி வந்தாள். ஒன்பது வருடம் தாண்டியிருந்தது.

பிப்ரவரியில் நடராஜ் திடீரென்று ஊருக்கு வந்தான். வரும்போதே அல்வா வாங்கி வந்தான். அவள் அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

மறுநாள் பீடி கொடுக்கும் நேரம். கடையில் பெண்கள் சுளகும் கூடையுமாக வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். ஏஜெண்ட் பிச்சைக்கண்ணு கட்டுகளைப் பிரித்து, நுனி மடிப்பைப் பார்த்து, பிடிக்காததைத் தனியே ஒதுக்கிக்கொண்டிருந்தார். கழிவு என்று ஒதுக்குவதற்குக் கூலி கிடையாது. ஆனால் அந்தப் பீடிகள் குப்பைக்கும் போகாது. அவரே விற்றுக் காசாக்குவார் என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்பதில்லை. அவர் பக்கத்தில் மடிக்கணினியைத் திறந்து வைத்து நடராஜ் உட்கார்ந்திருந்தான். வாசலில் தேவேந்திரன், கையைக் கட்டிக்கொண்டு, பெண் பார்க்க வந்தவர் மாதிரி.

"யம்மா, இங்கன வா. உன் ஓய்வுக்காலத்துக்கு ஒரு ஏற்பாடு பண்ணுதேன்" என்றான் நடராஜ்.

"எனக்கு ஓய்வா? யாருலே தந்தா?"

வரிசையில் சிரிப்பு கேட்டது. அவன் சிரிக்கவில்லை. பயிற்சி வகுப்பில் கற்றதை ஒப்பித்தான். பி.எப். பணம் சும்மா தூங்குகிறது. அதை எடுத்து அவன் நிறுவனத்தின் திட்டத்தில் போட்டால் இருபது வருடத்தில் பன்னிரண்டு லட்சம்.

"இருவது வருசமா? எழுவத்தாறு வயசுல லெச்சத்த வச்சு என்னலே செய்யட்டும்? பாடைக்குப் பவுனுல மாலையா?"

"அம்மா, சொன்னா புரிஞ்சுக்கோ. மார்ச் முடியுததுக்குள்ள எனக்கு டார்கெட் இருக்கு. இல்லன்னா வெளிய போன்னுருவாங்க."

அதுதான் விஷயம். அவளுடைய ஓய்வுக்காலத்துக்கு அவசரம் அவனுடைய மார்ச் மாதத்தில் இருந்தது. சுடலைவடிவு அவன் முகத்தைப் பார்த்தாள். பெற்ற பிள்ளை. கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது, அல்வாவில் ஒரு துண்டுகூட அவன் தின்னவில்லை. போன இரண்டு முறையும் இப்படி ஒரு முகத்துக்காகத்தான் அவள் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். அதை அந்தக் கடையில் இருந்த மூன்று ஆண்களும் நன்றாக அறிவார்கள்.

"பையனுக்குச் செய்யாம யாருக்குச் செய்யப் போற?" என்றார் தேவேந்திரன் வாசலிலிருந்து.

அவள் பிச்சைக்கண்ணு பக்கம் திரும்பினாள். "அண்ணாச்சி, காரணம் என்ன போடுவிய?"

"வழக்கமா போடுததுதாம்மா."

"வாய விட்டுச் சொல்லுங்க."

"கல்யாணம்னு போடணும். அப்பத்தான் சட்டுனு வரும்."

பின்னால் உட்கார்ந்திருந்த மதுமதி, போன மாதம்தான் கல்யாணமானவள், வாயைப் பொத்திக்கொண்டாள். "யாத்தி! யக்காவுக்குக் கல்யாணமா? நான் பத்திரிகை பாக்கலையே!"

கோமு வேலையை விட்ட பிறகும் பேச்சுக்காகக் கடைக்கு வருகிறவள். "மாப்ள எந்தூரு அண்ணாச்சி? நாங்குநேரி பக்கமா? தேங்கா பழத் தட்டு நாந்தான் எடுப்பேன், இப்பவே சொல்லிட்டேன்."

"பழைய மாப்பிள்ளைன்னா எனக்கு வேண்டாம் அண்ணாச்சி" என்றாள் சுடலைவடிவு. "மூணு தடவ கட்டிப் பாத்தாச்சு."

வாசல் பக்கம் யாரும் திரும்பவில்லை. திரும்ப வேண்டிய அவசியமும் இல்லை. தேவேந்திரன் தொண்டையைச் செருமிக்கொண்டு டீக்கடைக்குப் போகும் சத்தம் கேட்டது.

நடராஜுக்கு முகம் சிவந்துவிட்டது. விசைகளைத் தட்டினான். அவள் மடியிலிருந்த சுருக்குப்பையில் போன் சிணுங்கியது. கணக்கைத் திறக்க அவளுக்கு ஓர் எண் வந்திருந்தது. அந்த எண் இல்லாமல் அவனோ ஏஜெண்டோ உள்ளே போக முடியாது.

"யம்மா, நம்பரச் சொல்லு."

அவள் போனை எடுத்து எட்டப் பிடித்துப் பார்த்தாள். எண் தெளிவாகத்தான் தெரிந்தது. திரும்பப் பையில் போட்டுக் கயிற்றை இழுத்து முடிந்தாள்.

"பத்து நிமிசந்தான் இருக்கும்மா அது!"

"இருந்துட்டுப் போவட்டும். நான் ஒம்பது வருசம் இருந்திருக்கேன்."

"அப்போ எனக்கு வேல போனா பரவால்லயா?"

"போனா இங்கன வா மக்கா. வீட்டுல ரெண்டாவது சுளவு சும்மாதான் கெடக்கு. இல வெட்டுததுக்கு ஒரு வாரம், சுத்துததுக்கு ஒரு மாசம். பைய படிச்சுக்கிடலாம். ஒனக்கும் பி.எப். பிடிப்பாவ."

முக்கூடலில் ஆண்பிள்ளை சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்ற உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. கடை முழுக்கச் சிரித்தது. நடராஜ் மடிக்கணினியை மூடினான். இன்ஜினியரிங் படித்தவன், சேமிப்பின் அருமையைப் பற்றி ஊர் ஊராகப் பேசுகிறவன், பத்து வருடக் கணக்கைப் பத்தாவது வருடத்தில் உடைத்தால் என்ன ஆகும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. தெரியாமல் இருந்திருக்கலாம். தெரிந்தும் இருந்திருக்கலாம். எது மோசம் என்று சுடலைவடிவு யோசித்துப் பார்க்க விரும்பவில்லை.

பிச்சைக்கண்ணுவுக்கு இதில் ஏதோ ஒரு சின்னப் பங்கு பேசப்பட்டிருக்க வேண்டும். அது போன எரிச்சலில் அவளுடைய கட்டுகளைப் பிரித்து, வழக்கத்தைவிடப் பெரிதாக ஒரு கை நிறைய ஒதுக்கினார்.

"மடிப்பு சரியில்ல. கழிவு."

சுடலைவடிவு எழுந்து வந்து அந்தப் பீடிகளை மேஜையிலிருந்து அள்ளினாள்.

"ஏ, அது இங்கனதான் கெடக்கணும்!"

"கழிவுதான அண்ணாச்சி? கழிவு எதுக்கு ஒங்களுக்கு?" என்று அவர் முன்னாலேயே ஒடித்து, புகையிலைத் தூளை உதறித் தன் டப்பாவில் போட்டுக்கொண்டு, இலைச் சருகை மேஜையில் விட்டாள். மதுமதியும் தன்னுடைய கழிவுக்குக் கையை நீட்டினாள். அவளுக்குப் பின்னால் இருந்தவளும் நீட்டினாள்.

நடராஜ் மாலை பஸ்ஸில் போனான். தேவேந்திரன் இரண்டு நாள் சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் வீட்டுக்கு வந்தார். மூன்றாம் நாள் சுடலைவடிவு இலையும் தூளும் வாங்கக் கடைக்குப் போனாள். பிச்சைக்கண்ணு நிறுத்துக் கொடுத்தார்.

வரும் நவம்பரில் கணக்குக்குப் பத்து வருடம் நிறைகிறது.