சுடர்விட்ட தலையும் மடியில் விழுந்த மாங்கனியும்

பட்டிமன்றத்தில் எந்தத் தலைப்பைக் கொடுத்தாலும் இரு பக்கமும் நின்று வாதிடப் பழகியவள் நான். ஆனால் அம்மாவுக்கு நிணநீர்ப் புற்றுநோய் என்று தெரிந்த ஆண்டில், எங்கள் வீட்டில் எதிரணிக்கே இடமில்லாமல் போயிற்று. அம்மாவின் அண்ணன், பிரெஞ்சு ஓய்வூதியத்தோடு காரைக்கால் திரும்பியவர், முதல் நாளே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"சர்க்கரைதான் அதுக்குத் தீனி. தீனிய நிறுத்துங்க, தானா செத்துடும்."

சோறு பாதியாயிற்று. பழம் அறவே நின்றது. அம்மா மெலிந்தார். எடை இன்னும் இறங்கினால் அடுத்த சுற்றுக் கீமோ மருந்தைத் தள்ளிவைக்க நேரும் என்று மருத்துவமனையில் எச்சரித்தார்கள். மாமா இளகவில்லை.

அந்நிலையில்தான் பெட் ஸ்கேன் எடுத்தோம். சிறிதளவு கதிரியக்கம் சேர்த்த சர்க்கரையை நரம்பில் ஏற்றி, உடலில் எந்தெந்த இடம் அதை ஆவலோடு இழுத்துக்கொள்கிறது என்று படம்பிடிக்கும் சோதனை அது. திரையில் அம்மா ஒரு சாம்பல் நிழலாகக் கிடந்தார். கழுத்திலும் மார்பிலும் புள்ளிகள் கனன்றன. அவற்றையும் மிஞ்சித் தலை முழுவதும் சுடர்விட்டது.

மாமா திரையில் தலையைச் சுட்டினார். "மூளைக்கும் போயிடுச்சாங்க?"

"இல்லீங்க ஐயா," என்றார் மருத்துவர். "மூளை ஓடுறதே சர்க்கரையிலதான். எல்லாருக்கும் இப்படித்தான் தெரியும். நீங்க பட்டினி போட்டா கட்டி வாடாது, இவங்கதான் வாடுவாங்க."

உண்ணாவிட்டாலும் உடல் தன்னையே கரைத்துச் சர்க்கரை செய்துகொள்ளும் என்று அவர் விளக்கினார். ஆகவே மனிதரைப் பட்டினி போடாமல், புற்றுச்செல் உணவைப் பயன்படுத்தும் வழியை மட்டும் அடைக்கும் மருந்துகளை ஆய்வாளர்கள் தேடுகிறார்களாம்; சில இரத்தப் புற்றுநோய்களுக்கு அத்தகைய மருந்து ஏற்கெனவே உண்டாம். நான் திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. அம்மாவை அழிக்க வந்ததும், அம்மா என்னை நினைப்பதும் ஒரே சர்க்கரையில் எரிந்துகொண்டிருந்தன. இதில் எந்தப் பக்கம் நின்று வாதிடுவது?

அடுத்து காரைக்கால் அம்மையாரின் மாங்கனித் திருவிழா வந்தது. தொற்று வரும், கூட்டத்தில் போகக்கூடாதென்று அம்மா வாசல் கம்பிக்கதவுக்கு உட்புறம் நாற்காலியில் அமர்ந்திருந்தார். சாமி எங்கள் தெருவைக் கடக்கும்போது எதிர்மாடியிலிருந்து நேர்த்திக்கடனாக இறைத்த மாம்பழங்களில் ஒன்று கதவைத் தாண்டி அவர் மடியில் விழுந்தது. அம்மா அதைக் கையில் எடுத்து மாமாவைப் பார்த்தார்.

"இதையும் வேணாம்னு சொல்லுவியாண்ணே?"

மாமா பழத்தை வாங்கிப் போய் நன்றாகக் கழுவி, தோல் சீவி, துண்டுபோட்டுத் தட்டில் கொண்டுவந்தார். கூடவே ஒரு கிண்ணம் தயிர்சாதம்.

"ரெண்டையும் சாப்பிடு. அந்த மூளைக்கும் தீனி வேணும்ல."

அடுத்த முறை மருத்துவமனையில் எடைபார்க்கும் கருவிமீது அம்மா ஏறி நின்றபோது, மாமா கண்ணை மூடிக்கொண்டார். முள் இறங்கவில்லை. அன்றே மருந்து ஏற்றினார்கள்.