படகின் பேர் கேட்டு எழுதிய கடிதம்

எண்பதுகளின் தொடக்கத்தில், வில்லாபுரத்தில் ஃபைபர் தண்ணீர்த் தொட்டி செய்யும் பட்டறை ஒன்றில் வேலை பார்த்தேன். ஒருநாள் முதலாளி, தூத்துக்குடியில் ஏலம் எடுத்த பாய்மரப் படகு ஒன்றை லாரியில் கொண்டுவந்து இறக்கினார். பாயும் இல்லை, மரமும் இல்லை. பேர் இருந்த இடத்தில் யாரோ பச்சைப் பெயிண்டை அப்பியிருந்தார்கள்.

"கடல்ல ஆளில்லாம மிதந்துச்சாம். யாரு படகுன்னு ஒருத்தனுக்கும் தெரியல. நாலா அறுத்து ரெண்டு பக்கமும் அடைச்சா, மாட்டுக்குத் தண்ணி காட்ட நல்ல தொட்டி" என்றார்.

ஃபைபரிலேயே புழங்கியவன் நான். அந்தப் படகும் ஃபைபர்தான்; அதன் உடம்பைத் தடவிப் பார்த்ததும் எனக்கு அறுக்க மனம் வரவில்லை. அவசரமே படாமல், அடுக்கடுக்காகப் பிசின் தடவி யாரோ பொறுமையாகச் செய்திருந்தார்கள்.

"ஒரு மாசம் குடுங்கண்ணே. யாரு செஞ்சதுன்னு கண்டுபிடிச்சிருறேன்."

"படகுக்கு ஜாதகம் பாக்கப் போறியாக்கும்? சரி, பாரு. அதுவரைக்கும் தொட மாட்டேன்."

தினமும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு படகுக்குள் இறங்கி உப்புத்தாளால் தேய்த்தேன். ஐந்தாம் நாள், மூன்று பூச்சுகளுக்கு அடியில் ஒரு பித்தளைத் தகடு தெரிந்தது. இங்கிலாந்தில் உள்ள ஒரு படகுக் கம்பெனியின் பேர், ஊர், கீழே ஓர் எண். அன்று சாயங்காலமே, இந்த எண்ணுள்ள படகின் பேர் என்ன, அது யாருடையது என்று கேட்டு, எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் அவர்களுக்குக் கடிதம் எழுதினேன்.

மூன்று வாரம் கழித்து, மேலூரில் தொட்டி மாட்டும் வேலைக்கு இரண்டு நாள் போய்விட்டு வந்தபோது வீட்டில் பதில் காத்திருந்தது. அந்த எண்ணுள்ள படகை வாங்கியவர் ஒரு பள்ளி ஆசிரியராம். அதில் தனியாகப் புறப்பட்டு, இலங்கைக்குத் தெற்கே காணாமல் போனவராம். 'அவர் மனைவி படகை நேரில் பார்க்க வர விரும்புகிறார். தயவுசெய்து அப்படியே வைத்திருங்கள்.'

சைக்கிளை மிதித்துக்கொண்டு பட்டறைக்குப் பறந்தேன். வாசலில் நான்கு தொட்டிகள் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன.

"தொட மாட்டேன்னு சொன்னீங்களேண்ணே!"

"தொட்டி கேட்டவரு வந்து நின்னாருய்யா. ஒரு ஓட்டைப் படகுக்கு எதுக்கு இம்புட்டுச் சத்தம்?"

கடிதத்தை நீட்டினேன். "இங்கிலீசு எனக்கெதுக்கு?" என்று கைகழுவப் போய்விட்டார். அதைத் தமிழில், பட்டறை முழுக்கக் கேட்கும்படி கத்திப் படித்தேன். யாரும் தலை நிமிரவில்லை. அறுத்தவை அவர்கள் கைகள்தானே.

அன்றே வேலையை விட்டேன். ஆரப்பாளையத்தில் வேறு பட்டறை கிடைத்தது. அந்த அம்மாளுக்கு என்ன எழுதுவது என்றுதான் தெரியவில்லை. படகு தீப்பிடித்துவிட்டது என்று ஒரு பொய்யை எழுதிப் பார்த்துக் கிழித்தேன். முதலாளியைக் காப்பாற்ற நான் ஏன் பொய் சொல்ல வேண்டும்? அறுத்தது யார், எதற்காக என்று உள்ளதை உள்ளபடி எழுதி அனுப்பினேன். பதில் வரவில்லை.

முதலாளி மேல் மட்டுமில்லை, அவர் வாய்வார்த்தையை நம்பி மேலூருக்குப் பஸ் ஏறிய என் மேலும் எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.